படி கேட்ட அக்காவும் ஸ்லைடர் கேட்ட தம்பியும்

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண் அவள். "ரெஜினாக்கா, ஒரே ஒரு டவுட். ஒரு பிக்கப் வண்டிக்கு எந்த ராக் ஸ்லைடர் போடணும்னு நீங்க எப்படி முடிவு பண்ணுவீங்க? இங்க புதுசா ஒரு ஆப் குடுத்திருக்காங்க. அது வரிசையா கேள்வி கேக்குது, பதிலைத் தட்டினா அதுவே எடுத்துக் குடுத்துடுது. ஆனா அது சொல்றது சரியா தப்பான்னு எனக்குப் பாக்கத் தெரியல" என்றாள். அடுப்பில் பால் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு யோசித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுதான் மிச்சம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. வண்டிக்காரர் ஒன்று கேட்பார், வண்டி ஒன்று கேட்கும், கூட வந்தவர் வேறொன்று கேட்பார். மூன்றையும் கேட்டுக்கொண்டு நான் திருதிருவென்று விழிப்பேன். அப்புறம் எப்படியோ ஒன்று முடிவாகி வண்டி வெளியே போகும். அந்த 'எப்படியோ'வைத்தான் திவ்யா கேட்கிறாள். வாயால் சொன்னால் கோர்வையாக வராது என்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் கடை தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூருக்கு முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிறது. நான் சேர்ந்தபோது அது சீட் கவரும் ஹாரனும் விற்கிற கடை. எங்கள் அப்பா மேற்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். சர்ச்சில் யாரிடமோ சொல்லிவைத்து, பில் போடும் வேலையை எனக்கு வாங்கித் தந்தார். பிறகு சிறுசேரிப் பக்கம் கம்பெனிகள் வந்தன, பையன்கள் கையில் சம்பளம் வந்தது, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய பெரிய வண்டிகள் வந்தன. கடையும் மெதுவாக அந்த வண்டிகளுக்குச் சாமான் மாட்டும் ஒர்க்‌ஷாப்பாக மாறியது. ஒருநாள் முதலாளி சாமுவேல் சார் என்னைக் கூப்பிட்டு, "ரெஜினா, வர்றவங்ககிட்ட இனிமே நீங்க பேசுங்க. எனக்குப் பேச வராது" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமும் அவ்வளவுதான்.

ராக் ஸ்லைடர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கதவுகளுக்குக் கீழே, வண்டியின் இரண்டு பக்கமும் ஓடுகிற கனமான இரும்புக் குழாய் அது. பாறை இடித்தால் கதவுக்குக் கீழே இருக்கும் தகடு நசுங்காமல் இந்தக் குழாய் அடியை வாங்கிக்கொள்ளும், வண்டி பாறைமேல் வழுக்கிக்கொண்டு தாண்டிவிடும். பார்க்க ஏறும் படி மாதிரியே இருக்கும். வம்பே அங்கேதான். படி என்றால் காலுக்கு எட்டுகிற மாதிரி கீழே தொங்க வேண்டும். ஸ்லைடர் என்றால் கல்லுக்கு எட்டாத மாதிரி மேலே ஒட்டியிருக்க வேண்டும். ஒரே இரும்பு இரண்டு வேலையையும் செய்யாது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் ஏதோ வியாபாரத் தந்திரம் செய்கிறேன் என்று நினைப்பார்கள்.

சிறுசேரியிலிருந்து வருகிற தம்பிகள் வீடியோவெல்லாம் பார்த்துவிட்டு வருவார்கள். இருப்பதிலேயே தடிமனான குழாய்தான் வேண்டும் என்பார்கள். எந்த மலைக்குப் போகிறீர்கள் தம்பி என்றால், இனிமேல்தான் போக வேண்டும் என்பார்கள். அவர்கள் வண்டி பார்க்கிற பெரிய மலை, பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூர் சிக்னல்தான். கூடவே பட்டுப் புடவையில் வந்த மாமியார், "இதுல எப்படிம்மா ஏறுறது?" என்று என்னைத்தான் முறைப்பார். நான் யார் பக்கம் பேசுவது?

சாமுவேல் சாரைக் கேட்கலாம் என்று போனால், அது அடுத்த குழப்பம். அவர் ஒரு பெரிய வண்டிக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து வந்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து வருவார், சட்டையில் ஒரு கறை இருக்காது. அந்த வித்தை எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எதைக் கேட்டாலும் "ம்" என்பார். 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான், அதைப் பிறகு சொல்கிறேன். மூக்கைச் சொறிந்துகொண்டு "ம்" என்றால் சம்மதம் என்றும், வாசலைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றால் சம்மதமில்லை என்றும் நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டே மூக்கைச் சொறியும் நாட்களில் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

பேச்சுதான் கிடையாதே தவிர, வேலையில் அவர் வைத்த வழக்கத்தை யாரும் மாற்ற முடியாது. கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பல்லாவரம் பக்கத்துக் கல்குவாரியிலிருந்து கொண்டுவந்த பாறைகளைக் குவித்து வைத்திருந்தார். ஸ்லைடர் கேட்டு வருகிறவர் முதலில் தன் வண்டியை அந்தக் கல் குவியல்மேல் தானே ஓட்டிக் காட்ட வேண்டும். நான் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே கையால் இடம் வலம் காட்டுவேன். சார் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து வண்டியின் வயிற்றைப் பார்ப்பார். எந்தக் கல் எங்கே உரசுகிறது, ஓட்டுகிறவர் பயப்படுகிறாரா, அவசரப்படுகிறாரா எல்லாம் அதில் தெரிந்துவிடும் போலிருக்கிறது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாறைமேல் பின்னால் நடந்த எனக்குத் தெரிந்ததெல்லாம், விழாமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

இரண்டாவது வழக்கம், மாட்டியதும். குழாயை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பொருத்தி, போல்டைக் கையால் மட்டும் திருகி வைத்திருப்பார்கள். அந்த வண்டியில் தினமும் ஏறப் போகிறவர் அப்போது வந்து ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். வழக்கமாகப் போடும் செருப்போடு, வழக்கமாகத் தூக்கும் மூட்டையோடு. அதைப் பார்த்த பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்குவார்கள். கடைசியாக, ஸ்லைடருக்கு நடுவில் ஜாக்கி கொடுத்து வண்டியின் ஒரு பக்கத்தையே தூக்குவார்கள். அந்தரத்தில் இருக்கும்போது கதவைத் திறந்து சாத்தச் சொல்லி, சார் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். தரையில் சாத்தினபோது வந்த சத்தமே வந்தால் வேலை சரி. குழாய் வளைந்து கதவு உரசினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

இந்த வழக்கமெல்லாம் ஒழுங்காக நடந்தும், நான் சுத்தமாகக் குழம்பிப்போன வண்டி ஒன்று உண்டு. கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வந்தது.

முதலில் தம்பிதான் வந்தான், தனியாக. பெயர் தேசிங்கு, வயது நாற்பதுக்கு மேல். பழைய நாலு சக்கர இழுவை பிக்கப். இடது பக்கக் கதவுகளுக்குக் கீழே தகடு முழுக்க நசுங்கி உள்ளே போயிருந்தது. முன்கதவை உதைத்தால்தான் திறந்தது. வலது பக்கம் ஒரு கீறல் இல்லை. கடல் கரையைத் தின்றுவிட்டதாம். மீதியைக் காப்பாற்ற வரிசையாகக் கல் கொட்டியிருக்கிறார்களாம். படகு ஒதுங்குகிற இடத்திலிருந்து மீனை ரோட்டுக்குக் கொண்டுவர அந்தக் கல்மேல் ஏறித்தான் வர வேண்டும், வேறு வழியில்லை.

"மேடம், நல்லா மேல ஒட்னாப்புல போட்ருங்க. படி கிடி ஒன்னியும் தொங்க வாணாம். கல்லு இடிச்சாலும் வண்டிக்கு ஒன்னியும் ஆவக்கூடாது" என்றான் தேசிங்கு.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்லைடருக்கென்றே பிறந்த வண்டி, என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுகிற ஆள். இப்படி ஒருவர் வருவது எங்கள் தொழிலில் அபூர்வம்.

அடுத்த நாளே அக்கா வந்து நின்றாள். பஸ்ஸில், தனியாக. அஞ்சலை என்று பெயர், என் வயதுதான் இருக்கும். வாசல்படி ஏறுவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு முட்டியை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு வந்தாள்.

"நேத்து என் தம்பி வந்தானே, இன்னா சொன்னான்?" என்றாள்.

சொன்னேன்.

"அவன் கெடக்கிறான். எனிக்குப் படி வோணும். லெப்டு பக்கம், நல்லா கீய தொங்கணும். படி இல்லாம வண்டி வெளிய வந்துச்சின்னா, நா இங்கியே குந்திக்குவேன், சொல்லிட்டேன்."

"அக்கா, படி தொங்கினா கல்லுல மாட்டிக்கும். அப்புறம் வண்டி நகராது."

"ஒரு நாளிக்கு எத்தினி தபா ஏறி எறங்கிகினு கீறேன்னு தெரியுமா உனிக்கு? இந்த முட்டிய வெச்சிகினு?"

அங்கேதான் எனக்குப் புரியாமல் போனது. கரையில் ஏறினால் மார்க்கெட்டில் இறங்கப்போகிறாள். அதற்கு எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும்? கேட்டேன். அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரர் போய் வெகு காலம் ஆயிற்று, மீன் வியாபாரத்தில்தான் தன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் உலை வைக்கிறோம், வண்டி நின்றுவிட்டால் வியாபாரமும் நின்றுவிடும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பஸ் ஏற அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு கதையைக் கட்டிவிட்டேன். தம்பி வேண்டுமென்றே வண்டியை உயரமாக்குகிறான். அக்காவால் ஏற முடியாது. அக்கா வீட்டில் உட்கார்ந்துவிட்டால், அந்த சீட்டில் அவன் பெண்டாட்டி ஏறி வியாபாரத்தைப் பிடித்துக்கொள்வாள். கோபம் கோபமாக வந்தது. நேராக சாரிடம் போய், "சார், அந்தப் பொம்பளையை வண்டிய விட்டே தள்ளப் பாக்குறான் அவன். நாம அதுக்குத் துணை போகலாமா?" என்று கேட்டேன்.

சார் வாசலைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சொறிந்தார். "ம்" என்றார்.

அந்த வாரமே இரண்டு பேரையும் சேர்ந்து வரச் சொன்னேன். கல் குவியலில் ஓட்டிக் காட்டும் சடங்கு. தேசிங்கு வலது பக்கம் ஸ்டேரிங்கில். அஞ்சலையை இடது பக்கம் ஏற்றுவதற்கு அவள் பின்னாலிருந்து இரண்டு ஃபிட்டர்கள் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஏறினதும் கண்ணாடியை இறக்கி, வளையல் கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டாள். நான் முன்னால் நின்று கையைக் காட்ட ஆரம்பித்தேன்.

தேசிங்கு நன்றாகத்தான் ஓட்டினான். அவசரமில்லை, பயமுமில்லை. ஆனால் நான் அவனுக்கு வலது பக்கம் நிற்கும்போது என் கைக்குக் கட்டுப்பட்டவன், இடது பக்கம் நகர்ந்து நின்று காட்டினால் மதிக்கவே இல்லை. அஞ்சலை வேறு, ஓயாமல் கதவுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். லாரியில் கிளீனர்கள் பக்கவாட்டில் தட்டித் தட்டி டிரைவருக்கு வழி சொல்வார்களே, அந்த மாதிரி. எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் ஒருத்தி வழி காட்ட நிற்கிறேன், நடுவில் இவள் என்ன தாளம் போடுகிறாள்?

"அக்கா, கையை உள்ள எடுங்க. பாறை உரசினா கை போயிடும்" என்று கத்தினேன்.

அவள் தயங்கினாள். நான் இன்னொரு தடவை கத்தினேன். கையை உள்ளே எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், வண்டி நேராக இடது பக்கப் பாறைமேல் போய் மோதியது. ஏற்கெனவே நசுங்கியிருந்த தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

"ஏன் தம்பி, இவ்ளோ நேரமா கை காட்டுறேன். என் கை உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று பொரிந்து தள்ளினேன். ஒரு பெண் கை காட்டினால் கேட்கக் கூடாதா என்கிற ஆத்திரம் எனக்கு. தேசிங்கு ஸ்டேரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சார் எழுந்து வந்தார். அஞ்சலையிடம், "கையை வெளிய போடுங்கம்மா" என்றார். வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடியும் அதே வழியில் வரச் சொன்னார். அஞ்சலை தட்டினாள். அந்தப் பெரிய வண்டி அதே பாறையை ஒரு விரல் இடைவெளியில், உரசாமல் தாண்டி வந்தது. திரும்பவும் எடுக்கச் சொன்னார். இந்த முறை கையை உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னார். வண்டி மோதியது.

சார் இடது பக்கம், கதவுக்குச் சற்று முன்னால் போய் நின்றுகொண்டார். "தேசிங்கு, நேராவே பாருங்க. தலையைத் திருப்பாதீங்க. நான் உங்களுக்குத் தெரியிறேனா?"

"தெரியிது சார். அங்கதான நிக்கிறீங்க" என்று பானெட்டுக்கு நேராகக் கையைக் காட்டினான் தேசிங்கு.

"இல்லை" என்றார் சார். "நான் எங்க நிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியல தேசிங்கு. இல்லை."

எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. அவனுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. அந்த ஒரு கண்ணோடு கேளம்பாக்கம் ரோடு முழுக்க ஓட்டி, வண்டலூர் தாண்டி, இடது பக்கமாகப் புகுந்து போகிற அத்தனை டூவீலர்களுக்கு நடுவில் இங்கே வந்திருக்கிறான். அதுவும் முதல் தடவை, அக்கா கூட இல்லாமல் தனியாக.

அஞ்சலைதான் முதலில் உடைந்தாள். "டாக்டருங்கள்லாம் பாத்தாச்சு சார். நரம்பு செத்துட்ச்சாம், திரும்பி வராதாம். வெளிய தெரிஞ்சா வண்டிய வித்துடச் சொல்லுவாங்க. இவன் பையன் கம்பெனில வேலைக்கிப் பூட்டான், வண்டிப் பக்கமே வர மாட்டான். வேற ஆரு கீறா ஓட்ட? ரோட்ல நா தட்டித் தட்டி சொல்லிகினு வருவேன். கல்லாண்ட வந்தா, எறங்கி முன்னாடி நடந்து காட்டுவேன், அப்பால ஏறுவேன், மறுக்கா எறங்குவேன். அதுக்குத்தான் படி கேட்டேன். வேற இன்னாத்துக்கு?"

தேசிங்கு அப்போதும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அதுக்குத்தான் சார் நா ஸ்லைடர் கேட்டேன்" என்றான். "அது அந்த முட்டிய வெச்சிகினு ஏறி எறங்கறத பாக்க முடில. ஸ்லைடர் போட்டுட்டா, இடிச்சா இடிச்சிட்டுப் போவுதுன்னு நானே ஓட்டிகினு வந்துடுவேன். அது ஒயுங்கா உள்ள குந்திகினு வரலாம்."

நான் கட்டி வைத்திருந்த நாத்தனார் கதை அங்கேயே செத்தது. ஆனால் அதோடு என் குழப்பம் தீரவில்லை, இரண்டு மடங்கானது. இரண்டு பேருமே மற்றவருக்காகத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் படி போட்டாலும் ஸ்லைடர் போட்டாலும் ஒரு கண் தெரியாத ஆளை மறுபடி ரோட்டில் அனுப்புகிறோம். போடாவிட்டால் இரண்டு வீட்டில் அடுப்பு அணையும். அந்த இடத்தில் எது சரி என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை. திவ்யாவின் ஆப் எந்தப் பாதை, எந்த எடை, எந்த நிறம் என்றெல்லாம் கேட்கிறதாம். ஓட்டுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லையாம். எனக்கும்தான் கேட்கத் தோன்றவில்லையே.

சார் போடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "வண்டி நிக்கட்டும்" என்றார்.

"நாளிக்கி மீன் வருமே சார்" என்றாள் அஞ்சலை. ஃபிட்டர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் தேசிங்கு இறங்கினான். ஒரு கையை பானெட்டின் மேல் வைத்துக்கொண்டு, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி இடது பக்கம் வந்தான். கதவை உதைத்துத் திறந்தான். "யக்கா, எறங்கு. அந்தப் பக்கம் போய் குந்து" என்றான்.

"நா ஓட்டறதா? எனிக்கு இன்னாடா தெரியும்?"

"எல்லாம் தெரியும். ஒரு வருசமா நீதான் ஓட்டிகினு கீற. ஸ்டேரிங்கு மட்டுந்தான் என் கைல இருந்துச்சு."

அஞ்சலை இறங்கி, நின்ற இடத்திலேயே புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தேசிங்கு இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். எனக்கும் அழுகை வந்தது, எதற்கென்றுதான் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்காகவா, அவளுக்காகவா, தெரியவில்லை. நல்ல டிரைவர் அவன். ஒரு கண்ணில் பாதி உலகத்தை வைத்துக்கொண்டே, அக்கா சத்தத்தில் அந்தப் பாறையை ஒரு விரல் இடைவெளியில் தாண்டினவன்.

"ரெஜினா, நீங்க கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்றார் சார். எனக்குப் பெரிய வண்டி ஓட்டத் தெரியும், கடையில் வண்டிகளை நகர்த்தியே பழகியது. மூன்று பேரும் முன்னாலேயே நெருக்கியடித்து உட்கார்ந்து போனோம். கேளம்பாக்கம் வந்ததும் அஞ்சலை, "கிளட்ச்சு கிளட்ச்சுன்றாங்களே, அது எது?" என்று கேட்டாள். காட்டினேன். அதன் பிறகு ரோட்டைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கல் கொட்டிய இடம் வந்தது. எங்கள் கடைக் குவியல் இதற்கு முன்னால் விளையாட்டு. பிரேக்கை மிதித்துக்கொண்டு, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். தேசிங்கு இறங்கினான். வண்டிக்கு முன்னால் போய், ஒவ்வொரு கல்லாகக் காலால் தொட்டுப் பார்த்து, முகத்தை முழுசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, கையைக் காட்டிக்கொண்டே போனான். அவன் காட்டின இடத்தில் சக்கரத்தை வைத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. ஒரு கல்கூட உரசவில்லை. அவனுக்கு அந்த வழி மனப்பாடம். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவன் வேலையைப் பறித்துவிட்டோமா, வேறு வேலை கொடுத்தோமா என்று மாற்றி மாற்றி யோசித்து, தாம்பரத்தில் இறங்காமல் பல்லாவரம் வரைக்கும் போய்விட்டேன்.

அடுத்த சில மாதம் அவர்கள் மீனைக் குப்பத்தில் வேறொருவர் வண்டியில் ஏற்றி அனுப்பிச் சமாளித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அஞ்சலை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாள் என்றும், சொல்லிக்கொடுப்பவரையே அதட்டுகிறாள் என்றும் சேதி வந்தது. பிறகு ஒரு நாள் காலையில் அந்தப் பழைய பிக்கப் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஸ்டேரிங்கில் அஞ்சலை, பக்கத்தில் தேசிங்கு. லைசென்ஸை எடுத்து சார் மேசைமேல் வைத்தாள். சார் அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததால், அது எந்த 'ம்' என்று அன்றைக்கு நான் ஆராயவில்லை.

டிங்கர் இடது பக்கத் தகட்டை நிமிர்த்தினார். இரண்டு பக்கமும் ஸ்லைடரை மேலே ஒட்டினாற்போல் பொருத்தினோம். உப்புத் தண்ணீர் உள்ளே தங்காமல் வடிந்து போகிற மாதிரி, அடியில் ஓட்டை விட்ட குழாய்தான் எடுத்தேன். போல்டுகளைக் கையால் திருகியாயிற்று. இனி தினமும் ஏறப் போகிறவர் ஏறிக் காட்ட வேண்டும்.

அஞ்சலை வலது பக்கம் வந்து நின்றாள். கையை நீட்டி ஸ்டேரிங்கைப் பிடித்தாள். ஒரு முட்டியை ஸ்லைடர்மேல் ஊன்றினாள், பல்லைக் கடித்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை மேலே இழுத்தாள். பாதியில் வழுக்கி மறுபடி பிடித்தாள். தேசிங்கு கைகொடுக்கப் போனான், "தள்ளி நில்லுடா" என்றாள். சீட்டில் போய் விழுந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் உள்ளேயிருந்து ஒரு படியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"அக்கா, இந்தப் பக்கம் மட்டும் இதைத் தொங்க விட்டுடறேன். சின்னதுதான். அன்னிக்கு இதுக்குத்தான அவ்ளோ சண்டை போட்டீங்க?"

அவள் சீட்டில் இருந்தபடியே குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"வாணாம்மா. கல்லுல மாட்டிக்கும், அப்பால வண்டி நவராது" என்றாள்.

நான் சொன்னதையே எனக்குச் சொல்கிறாள். "அப்போ உங்க முட்டி?" என்றேன்.

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், இரண்டு கையையும் ஸ்டேரிங்கில் வைத்தாள்.

"ஏறத்தாம்மா கஸ்டம். ஏறிட்டேன்ல. இனிமேட்டு என்னிய ஆரு எறக்குவா?"